சிவப்பு எழுத்தில் ஒரு மலை

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் மலாயாவின் பகாங் மலைத்தொடருக்குள் போனார். உச்சிகளுக்கு நடுவே விரிந்த மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். அது எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் மட்டும் பின்வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1925இல் அரசு அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் ஏறிப் பார்த்து, இதை மலைவாசத்தலம் ஆக்கலாம் என்று முடிவுசெய்யும்வரை, அரசாங்கத் தாள்களைப் பொறுத்தமட்டில் கேமரன் மலை நாற்பது ஆண்டுகள் வெறும் பெயர். அங்கேயே வாழ்ந்த செமாய் மக்களுக்கு அந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த அறிவு தாளில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

பெயர் இருக்கிறது, பக்கம் இல்லை. தமிழ் விக்கிப்பீடியா படிப்பவர்கள் இந்த நிலையை நிறத்தால் அறிவார்கள். கட்டுரைக்கு நடுவே ஒரு சொல் நீலமாக இருந்தால் அதைத் தொட்டுப் பக்கத்துக்குப் போகலாம். சிவப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் எழுதவில்லை. மனிதர்கள் சேர்ந்து அறிவைத் திரட்டக் கண்டுபிடித்த கருவிகளில் இந்தச் சிவப்பு எழுத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அதன் அருமை முழுதாகத் தெரிய ஒரு விளையாட்டுக்குள் போக வேண்டும்.

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். கேம் மாஸ்டர் எனப்படும் ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார்; மற்றவர்கள் அதற்குள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள்; பலிக்குமா என்பதைப் பகடை தீர்க்கும். ஒரே கதையை வாரக்கணக்கில், சில குழுக்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்வதுண்டு. பூதமும் வாளும் அங்கே கட்டாயம் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஜெடெக் சியூவும் ஓவியர் முன்காவும் தென்கிழக்காசிய ஆறுகளையும் தீவுகளையும் கொண்டே இந்த வகை ஆட்டங்களுக்கான சிறு நூல்களைச் செய்திருக்கிறார்கள்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இப்படி ஒரு கதையாட்டம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு 1931. ஜே. ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை புதிது. ஆடுகிறவர்களில் ஒருவர் கங்காணியோடு தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கியவர், ஒருவர் கிராணி எனப்படும் தோட்டத்து எழுத்தர், ஒருவர் வழிகாட்டும் செமாய் இளைஞர், இன்னொருவர் கொழுந்து பறிக்கும் பெண். முதல் இரவிலேயே ஒருவர் கேட்பார்: “ரிங்லெட்டில் கடை வைத்திருப்பவர் யார்?” கேம் மாஸ்டர் அதை யோசித்தே இருக்கமாட்டார். வாய்க்கு வந்த பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போவார். எட்டு வாரம் கழித்து அதே கடைக்காரரிடம் யாரோ கடன் கேட்பார்கள். அவர் பெயர் என்ன? யாரிடம் என்ன சொன்னார்?

நோட்டுப்புத்தகம் இங்கே தோற்கிறது. அது எழுதிய நாளின் வரிசையில்தான் நினைவை வைத்திருக்கும். கதையோ அப்படி நடப்பதில்லை. இருநூறு பெயர்கள் சேர்ந்துவிட்டால் அவற்றுக்குள் 19,900 இணைகள் இருக்கக்கூடும். எந்த இரண்டு பெயர் எப்போது முட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டித் தெரியாது.

வார்ட் கன்னிங்ஹாம் என்ற கணினி நிரலாளர் இதே சிக்கலை அலுவலகத்தில் பார்த்தார். யார் எந்தத் திட்டத்தில் இருக்கிறார், எந்த யோசனை யாரிடமிருந்து வந்தது என்பதை அட்டைகளாகத் தொகுக்கும் ஒரு சிறு நிரலை 1980களில் செய்தார். இல்லாத அட்டைக்குப் போக முயன்றால், அந்த இடத்திலேயே புது அட்டை உருவாக அதில் வழி இருந்தது. 1995 மார்ச் 25 அன்று அதே எண்ணத்தை இணையத்தில் வைத்தார். அதுதான் முதல் விக்கி. எழுதாத பக்கத்தின் பெயருக்குப் பின்னால் அங்கே ஒரு கேள்விக்குறி நிற்கும், தொட்டால் வெற்றுப் பக்கம் திறக்கும், எழுதலாம்.

அந்த முதல் விக்கியில் தமிழுக்கு இடமில்லை. இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால்தான் இணைப்பு என்று கணினி புரிந்துகொள்ளும். பெரிய எழுத்தே இல்லாத நம் மொழி அதில் என்ன செய்யும்? 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவுக்காக, பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் வைக்கும் முறை வந்தபோதுதான் எந்த மொழிப் பெயரும் இணைப்பாக முடிந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்க இது பெரிய உதவி. அப்போதும் நம் வேற்றுமை உருபுகள் கூடுதல் வேலை வைக்கின்றன. ‘தோட்டம்’ என்ற பக்கத்துக்கு ‘தோட்டத்தில்’ என்ற சொல்லிலிருந்து போக வேண்டுமானால், அடைப்புக்குள் இரண்டையும் எழுதி நடுவே ஒரு கோடு போட வேண்டும். ஓர் ஊரின் பெயரை ஒருவர் பிரிஞ்சாங் என்றும் இன்னொருவர் பிரின்சாங் என்றும் எழுதினால், ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிமாற்று வைக்க வேண்டும். தமிழில் கதையாட்ட விக்கி தொடங்குகிறவர்கள் இதை முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது.

உள்ளே நடப்பது எளிமையானது. ஒரு பக்கத்தைச் சேமிக்கும்போது, அதில் உள்ள இணைப்புகளை மென்பொருள் பொறுக்கியெடுத்து ‘இதிலிருந்து இதற்கு’ என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அதே அட்டவணையை எதிர்ப்பக்கமிருந்து படித்தால், ‘இதை நோக்கி வருபவை எவை’ என்பது தெரிந்துவிடும். கடைக்காரர் பக்கத்தைத் திறந்து அந்தப் பட்டியலைக் கேட்டால் அவர் வந்த எல்லா இரவுகளும், கடன்பட்ட எல்லாப் பாத்திரங்களும் வந்து நிற்கும். அதை யாரும் உட்கார்ந்து தொகுக்கவில்லை. எழுதும்போதே தொகுப்பும் நடந்து முடிந்திருக்கிறது. முதன்முதலில் இதைப் பார்க்கிறவர்களுக்குத் திகைப்பு வருவது இயல்பு.

பழைய வடிவங்களையும் விக்கி அழிப்பதில்லை. இதன் பயனை இதே மலையில் நடந்த உண்மை நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு காட்டலாம். தாய்லாந்துப் பட்டுத் தொழிலில் பெயர்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், தானா ராத்தாவுக்கு அருகே தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து வெளியே போனவர் திரும்பவில்லை. போலீசும் ராணுவமும் பூர்வகுடித் தடம் பார்ப்போரும் காட்டைச் சலித்தார்கள். ஒரு தடயமும் அகப்படவில்லை. புலி என்றார்கள், கடத்தல் என்றார்கள், வழி தவறிவிட்டார் என்றார்கள். இதை ஆட்டமாக்குகிற கேம் மாஸ்டர் ‘நடந்தது என்ன’ என்று ஒரே பக்கம் எழுதினால் கதை அங்கேயே முடங்கும். சாட்சிக்கு ஒரு பக்கம், இடத்துக்கு ஒரு பக்கம், ஊகத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்தால் முரண்பாடுகள் முரண்பாடாகவே உயிரோடு இருக்கும். யார் எந்த வாரம் எதை நம்பினார்கள் என்பதைப் பக்கத்தின் வரலாறு சொல்லும்.

சிவப்பு இணைப்புக்குத் திரும்பலாம். டியோமிடிஸ் ஸ்பினெல்லிஸ், பனாகியோட்டிஸ் லூரிடாஸ் என்ற இரண்டு கிரேக்க ஆய்வாளர்கள் ஆங்கில விக்கிப்பீடியா எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். இல்லாத பக்கத்துக்கு யாராவது இணைப்பு கொடுப்பதுதான் புதுப் பக்கம் பிறக்கத் தூண்டுதலாக இருந்தது. இன்னும் வியப்பானது, இணைப்பைக் கொடுத்தவரே அந்தப் பக்கத்தை எழுதியது மிகக் குறைவு. ஒருவர் விட்டுப்போன வெற்றிடத்தை வேறொருவர் வந்து நிரப்பினார். மேசையைச் சுற்றி நடப்பதும் அதுவே. கடைக்காரரைப் பற்றிக் கேட்டவர் ஒருவர், பெயர் சொன்னவர் ஒருவர், அந்தக் கடைக்காரருக்கு ஒரு மகளையும் பழைய வழக்கு ஒன்றையும் பிறகு எழுதிச் சேர்ப்பவர் மூன்றாமவர்.

சிக்னல் நம்ப முடியாத மலையில் இதற்கெல்லாம் இணையம் வேண்டுமே என்று தயங்க வேண்டாம். 2004இல் ஜெரமி ரஸ்டன் உருவாக்கிய டிட்லிவிக்கி, மொத்த விக்கியையும் ஒரே கோப்பாகப் பென்டிரைவில் அடக்கிவிடும்.

விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளில் இன்னொரு பட்டியல் உண்டு. இல்லாத பக்கங்களை, எத்தனை இடங்களிலிருந்து சுட்டப்படுகின்றன என்ற வரிசையில் அது அடுக்கிக் காட்டும். நம் தோட்டத்து ஆட்டத்தில் அதன் உச்சியில் எது வரும் என்று எண்ணிப் பார்க்கிறேன். துரை பங்களாவுக்குப் பக்கம் முதல் நாளே எழுதப்பட்டிருக்கும். செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் பெயர்களும் வேலை நாட்களும் இருக்கும். ஆனால் கொழுந்து பறிக்கப் போகும் ஒவ்வொரு தாயும் விடியலில் பிள்ளையை எங்கே விட்டுப் போகிறாள் என்ற கேள்வி, வெவ்வேறு பக்கங்களிலிருந்து ‘ஆயாக்கொட்டகை’ என்ற ஒரே சிவப்புச் சொல்லில் வந்து குவியும். அதற்கு விடை கற்பனையில் கிடைக்காது. தோட்டத்து லயவீடுகளில் வளர்ந்த பெரியவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்: தரை மண்ணா சிமெண்டா? தொட்டில் எந்தத் துணி? பால் யார் கொடுத்தார்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மலைமேல் இருக்கும் தாய்க்கு யார் ஓடிப்போய்ச் சொன்னார்கள்? கேட்டு வந்ததை ஒரு பகுதியாகவும், ஆட்டத்துக்காகக் கற்பனை செய்ததை வேறு பகுதியாகவும் பிரித்து எழுத வேண்டும். அவர்கள் வாழ்க்கையை நம் புனைவோடு கலந்துவிட நமக்கு உரிமையில்லை. அந்த ஒரு பக்கத்தைச் சேமித்ததும், அதைச் சுட்டும் எல்லாப் பக்கங்களிலும் அந்தச் சொல் நீலமாகிவிடும். அந்தப் பக்கத்துக்குள் பால் ஊற்றியவரின் பெயர் சிவப்பில் இருக்கும்.