வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

ஒரே கணிப்பொறியில் இரண்டு இயக்க முறைமைகள் குடியிருக்க முடியுமா? முடியும். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோசும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. பிரிவினையை வேறு யாரோ முன்பே செய்து கொடுத்துவிட்டார்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு, வீட்டிலுள்ள பழைய கணிப்பொறியில் லினக்சையும் நிறுவிப் பார்க்கும் மாணவர்கள் அந்த வேலையைத் தாங்களே செய்கிறார்கள். சிக்கலும் அங்கேதான் வருகிறது. தட்டில் 200 ஜிகாபைட் காலியாகக் கிடக்கிறது. நிறுவும் நிரலோ 'இந்த இடம் பயன்படாது' என்கிறது!

நிரல் பொய் சொல்லவில்லை. நிலம் இருந்தால் போதாது, பத்திரத்தில் எழுத இடம் வேண்டும். பழைய முறையில், தட்டின் முதல் 512 பைட்டுகளில்தான் அந்தப் பத்திரம் இருக்கிறது. அதில் 446 பைட்டுகள் கணிப்பொறியைத் தொடக்கிவைக்கும் நிரலுக்கு. கடைசி 2 பைட்டுகள் முத்திரை. மீதி 64. ஒரு பாகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை எழுத 16 பைட்டுகள் தேவை. வகுத்துப் பாருங்கள், நான்கே பாகங்கள்! 1983-ல் டாஸ் 2.0-வுடன் வந்த ஏற்பாடு இது. அன்றைய 10 மெகாபைட் தட்டுக்கு நான்கு என்பது தாராளம்.

விண்டோசைத் தொடக்க ஒன்று, விண்டோசுக்கு ஒன்று, மீட்புக்கு ஒன்று, உங்கள் கோப்புகளுக்கு ஒன்று என்று நான்கும் நிரம்பிவிட்டால் ஐந்தாவதற்கு வழியில்லை. இந்த நிலையில் விண்டோசின் கருவியிலேயே புதிய பாகம் கேட்டால், தட்டை 'டைனமிக்' வகைக்கு மாற்றட்டுமா என்று அது கேட்கும். சம்மதிக்காதீர்கள். அதற்குப்பின் லினக்சை நிறுவுவது பெரும்பாடு. பழைய வகைக்குத் திரும்ப, பொதுவாகத் தட்டிலுள்ள பாகங்களையெல்லாம் அழிக்க நேரும்.

சரியான வழி வேறு. கோப்புகள் மட்டும் உள்ள பாகத்தை வெளித்தட்டு ஒன்றில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அந்தப் பாகத்தை நீக்குங்கள். அவ்விடத்தில் ஒரு 'விரிவாக்கப் பிரிவு' அமைத்தால், அதற்குள் பல உட்பிரிவுகள் வைக்கலாம். உட்பிரிவில் லினக்ஸ் நன்றாகவே இயங்கும். 2012-ல் விண்டோஸ் 8 வந்த பிறகு விற்ற கணிப்பொறிகளில் பெரும்பாலும் ஜி.பி.டி. என்ற புதிய பத்திரம் உண்டு. அதில் வழக்கமாக 128 பாகங்களுக்கு இடம் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் வேறு தொல்லை உண்டு. பென் டிரைவிலிருந்து ஜிபார்ட்டெட் கருவியை இயக்கி விண்டோஸ் பாகத்தைச் சுருக்க முயன்றால் அது மறுக்கலாம். காரணம், 'விரைவுத் தொடக்கம்' என்ற வசதி. நாம் அணைத்துவிட்டதாக நினைக்கும் விண்டோஸ், தன் நினைவின் ஒரு பகுதியைத் தட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது. உறங்குபவர் வீட்டுச் சுவரை இடிக்கலாமா? அந்த வசதியை நீக்கி, முழுமையாக அணைத்த பிறகு முயலுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால், மீட்புத் திறவெண்ணை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பாகம் ஒரே துண்டாக இருக்க வேண்டும். நம் புதுச்சேரிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில். கடலூர் சாலையில் பாகூர் போவதற்குள்ளேயே தமிழ்நாட்டு ஊர்கள் வந்து போகும்! தட்டில் இது செல்லாது. காலியிடங்கள் இரண்டுக்கு நடுவே ஒரு பாகம் இருந்தால் அதை நகர்த்தித்தான் சேர்க்க முடியும். பாகத்தின் கடைசி எல்லையைச் சுருக்குவது பெரும்பாலும் சில நிமிட வேலை. தொடக்க எல்லையை நகர்த்தினாலோ, உள்ளிருப்பதையெல்லாம் பெயர்த்து எழுத வேண்டும். நொடிக்கு 50 மெகாபைட் வீதம் 300 ஜிகாபைட்டுக்கு 100 நிமிடம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் நிற்கும். மேசைக் கணிப்பொறியானால், யு.பி.எஸ். இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.