தாத்தா காதில் ஒரு சில்வண்டு

1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நன்றாகக் காது கேட்கும் 80 பேரை, வெளிச்சத்தம் நுழையாத ஓர் அறைக்குள் உட்காரவைத்தார்கள். ஏதாவது சத்தம் கேட்டால் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். அறைக்குள் சத்தம் போடும் பொருள் எதுவுமே இல்லை. ஆனாலும் ஐந்து நிமிடத்துக்குள் 100-க்கு 94 பேர் என்ற கணக்கில், ரீங்காரம், விசில், இரைச்சல் என்று ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டார்கள்!

அப்படியானால் 'ஙொய்ங்' என்ற அந்தச் சத்தம் கிட்டத்தட்ட எல்லோருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள பேச்சும் வண்டிச் சத்தமும் அதை மூடிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. சிலருக்கு மட்டும் அது மூடப்படாமல் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். இதைக் காது இரைச்சல் என்கிறோம். மருத்துவர்கள் டின்னிடஸ் என்பார்கள். உலகத்தில் பெரியவர்கள் ஏழு பேரை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய ஒருவருக்கு இது இருக்கிறது. உங்கள் தாத்தாவோ பாட்டியோகூட அந்த ஒருவராக இருக்கலாம். விசைத்தறியின் 'தடக் தடக்' சத்தத்தில் பல வருடம் நின்று வேலை செய்தவராக இருந்தால், வாய்ப்பு இன்னும் அதிகம்.

தாத்தா "காதுக்குள்ள சில்வண்டு கத்துதுடா" என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் என்ன செய்வோம்? டிவியை நிறுத்துவோம். கதவைச் சாத்துவோம். "உஷ், தாத்தா படுத்திருக்கார்" என்போம். அன்பாகத்தான் செய்கிறோம். ஆனால் அமைதி கூடக்கூட அந்தச் சில்வண்டு இன்னும் சத்தமாகக் கத்தும். ஏன் என்று புரிய, காதுக்குள் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்க வேண்டும்.

உள்காதில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட குழாய் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் காக்லியா. அதற்குள் வரிசை வரிசையாக நுண்ணிய மயிரிழைச் செல்கள், ஒரு காதில் சுமார் 15,000. ஒலி வந்து தாக்கும்போது இவை அசைகின்றன; அந்த அசைவு மின்சமிக்ஞையாக மாறி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. கீச்சென்ற ஒலிகளைக் கவனிக்கும் செல்கள் குழாயின் வாசல் பக்கம் இருக்கின்றன. தாழ்ந்த ஒலிகளைக் கவனிப்பவை சுருளின் உச்சியில். எந்த ஒலி எந்த இடத்தை அசைக்கிறது என்று கண்டு காட்டியதற்காக பெக்கெஷி என்ற அறிஞருக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெருஞ்சத்தமும் முதுமையும் பெரும்பாலும் அந்த வாசல் பக்கத்துச் செல்களைத்தான் முதலில் அழிக்கின்றன. அழிந்தது மறுபடி முளைப்பதில்லை. கோழிக்குஞ்சுக்கு முளைக்கும்! 1980-களில் இதைக் கண்டுபிடித்தார்கள். பறவைக்கு முடிவது நமக்கு ஏன் முடியவில்லை என்று விஞ்ஞானிகள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உங்களில் ஒருவர் விடை கண்டுபிடித்தால் எத்தனை கோடிப் பேருக்கு உதவியாக இருக்கும்!

செல்கள் போனதும் கீச்சொலிச் செய்தி மூளைக்கு வருவது குறைகிறது. மூளை சும்மா இருப்பதில்லை. வராத செய்தியைத் தேடி, தன் கேட்கும் திறனைக் கூட்டி வைக்கிறது. அப்போது நரம்புகளில் இயல்பாகவே நடக்கும் சின்னச் சின்ன மின்சலனங்களும் பெரிதாகி, ஒலியாகத் தோன்றுகின்றன என்பது இன்று பல விஞ்ஞானிகள் ஏற்கும் விளக்கம். இரைச்சல் பெரும்பாலும் 'ங்ஙீ' என்று கீச்சுக் குரலில் இருப்பதும் இதனால்தான். வீடு அமைதியானால் மூளை இன்னும் உன்னிப்பாகத் தேடும். அதனால்தான் இரவில் தாத்தாவுக்குத் தொந்தரவு அதிகம்.

எனவே தாத்தாவின் அறையில் மெல்லிய சத்தம் ஒன்று இருக்கட்டும். மின்விசிறி போதும். மார்கழிக் குளிரில் விசிறி வேண்டாமென்றால் டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிடலாம். கைபேசியில் மழைச் சத்தமோ அருவிச் சத்தமோ சின்னதாக வைக்கலாம். காதில் இயர்போன் மாட்ட வேண்டாம், மேசைமேல் வைத்தாலே போதும். பெரிய ஒலி சிறிய ஒலியை மறைக்கும் என்பதைப் பழைய கிரேக்கர்களே கவனித்து எழுதியிருக்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஜாக் வெர்னன் என்பவர் இதற்காகக் காதில் மாட்டும் கருவிகளையே உருவாக்கினார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மழைச் சத்தம் இரைச்சலை முழுக்க மூடிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும். ரயில் பாதை ஓரம் குடியிருப்பவர்கள் ரயில் போவதை ஒரு கட்டத்தில் கவனிக்காமலே தூங்குகிறார்கள் அல்லவா? ஆபத்தில்லை என்று மூளை முடிவு செய்த ஒலியை அது ஒதுக்கிவிடும். ஆனால் அந்த ஒலி கொஞ்சமாவது காதில் விழுந்தால்தான் பழக முடியும். போலந்தில் பிறந்த யாஸ்ட்ரெபாஃப் என்ற விஞ்ஞானி 1990-இல் வெளியிட்ட விளக்கத்தின் சாரம் இது. பயந்து, கவலைப்பட்டு அந்தச் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தால் மூளை அதை ஆபத்துப் பட்டியலில் வைத்துவிடும். ஆகவே தாத்தாவிடம் "இப்பவும் கேட்குதா? இப்பவும் கேட்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். "வாங்க, ஒரு ஆட்டம் தாயம் போடலாம்" என்று கூப்பிடுங்கள். அது நிஜமாகவே சிகிச்சையின் ஒரு பகுதி.

இதற்கெல்லாம் முன்பு ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது அவசியம். சில சமயம் உள்ளே அடைத்த காதுக் குறும்பிதான் காரணமாக இருக்கும், எடுத்தால் சரியாகிவிடும். கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி மாட்டும்போது பலருக்கு இரைச்சலும் அடங்குகிறது. இரைச்சல் ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, இதயத் துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, தலைசுற்றல் வந்தாலோ, திடீரென்று காது கேட்காமல் போனாலோ உடனே போக வேண்டும். இரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. அப்படி விற்பவர்களை நம்ப வேண்டாம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவதும், ஊக்கால் குடைவதும் கூடவே கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிப் புண்ணாக்கிவிடும்.

இன்னொரு வருத்தமும் இந்த இரைச்சலில் உண்டு. சத்தம் பெரும்பாலும் அது உள்ளவருக்கு மட்டும்தான் கேட்கும். அதனால் "உங்களுக்குத் தோணுது" என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒருவர் அதைப் பிறருக்கும் புரியவைத்தார். செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெத்தானா 1874-இல் தன் 50-ஆவது வயதில் கேட்கும் திறனை முழுவதும் இழந்தார். அதன் தொடக்கமாக அவர் காதில் கீச்சொலி கேட்டது. 1876-இல் 'என் வாழ்விலிருந்து' என்று ஓர் இசைப்படைப்பை நான்கு நரம்பிசைக் கருவிகளுக்கு எழுதினார். அதன் கடைசிப் பகுதி துள்ளலாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிற்கும். பிறகு வயலினில் மிக உயரமான ஒரே சுரம் நீளமாக ஒலிக்கும். தன் காதில் கேட்ட கொடுமையை அவர் உலகத்துக்கே கேட்கவைத்துவிட்டார். யூடியூபில் தேடிக் கேட்டுப் பாருங்கள். நான் அந்த இடம் வரும்போதெல்லாம் நடுங்கிப்போவேன்.

உங்கள் காதுகளைப் பற்றியும் ஒரு கணக்கு. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளில் 8 மணி நேரம்வரை இருக்கலாம் என்பது வேலை செய்யும் பெரியவர்களுக்கான அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. 100 டெசிபலுக்கு எவ்வளவு? போட்டுப் பாருங்கள், 15 நிமிடம்தான் வரும். உங்கள் காதுக்கு இதைவிடவும் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது. 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல்வரை வெடிக்கும் பட்டாசுக்கு நம் நாட்டுச் சட்டமே இடம் தருகிறது! தள்ளி நின்று, காதைப் பொத்திக்கொண்டு பாருங்கள். திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் உட்காராதீர்கள்.

சிறுவர்களுக்கும் காது இரைச்சல் வரும். எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கும்போல என்று நினைத்து அவர்களில் பலர் யாரிடமும் சொல்வதில்லை. உங்களுக்கோ தம்பி தங்கைக்கோ அப்படிக் கேட்டால் அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். எந்தக் காதில், எப்போதிலிருந்து, விட்டுவிட்டா தொடர்ந்தா, எந்தச் சத்தம் போல என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு வேலை சுலபம்.