குரலுக்கு உடையவர் யார்?

ஒரு பாட்டைக் கேட்டுத் தேசம் தேசமாக ஜனங்கள் ஆடினார்கள். ஆனால் அப்பாட்டுக்கு உயிரான குரல் யாருடையது என்பது அவர்களுக்கு மறைக்கப்பட்டது. களியாட்டத்துக்குரிய சிறு சமாசாரம் என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. கூலி பெற்று உழைத்தவரின் பெயரை அழிக்கக் கூலி கொடுத்தவருக்கு உரிமை உண்டா என்ற பெரிய கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

நியூயார்க் நகரைச் சேர்ந்த ராபர்ட் கிளிவிலெஸ், டேவிட் கோல் என்ற இருவரும் நடன சங்கீதம் அமைப்பதில் கைதேர்ந்தவர்கள். தங்கள் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து, 'ஸி அண்டு ஸி மியூஸிக் பாக்டரி' என்று தங்கள் கோஷ்டிக்குப் பெயர் சூட்டினார்கள். 'பாக்டரி' என்றால் தொழிற்சாலை. பின்னர் நடந்தவற்றை நோக்கினால் பெயர் பொருத்தமாகத்தான் அமைந்தது. 1990-ம் வருஷக் கடைசியில் அவர்கள் வெளியிட்ட 'கான்னா மேக் யூ ஸ்வெட்' என்ற பாட்டு, 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் 'பில்போர்டு' வரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. விளையாட்டு மைதானங்களில் கூட்டத்தை உசுப்புவதற்கு அதை இன்றும் ஒலிக்கச் செய்கிறார்கள்.

அப்பாட்டில் தாளம் இருக்கிறது. பிரீடம் வில்லியம்ஸ் என்பவரின் விரைவான சொல்லடுக்கு இருக்கிறது. ஆயினும் கேட்டவர் காதில் நிலைத்து நிற்பது, எல்லாரையும் ஆட வருமாறு அறைகூவும் ஒரு ஸ்திரீயின் கம்பீரமான குரலேயாகும். பாட்டுக்காக எடுத்த படத்தில் அக்குரலுக்கேற்ப வாயசைத்தவர் ஸெல்மா டேவிஸ் என்ற இளம் பெண். உண்மையில் பாடியவர் மார்த்தா வாஷ். 1982-ல் வெளிவந்த 'இட்ஸ் ரெய்னிங் மென்' பாட்டினால் புகழ்பெற்ற 'வெதர் கேர்ல்ஸ்' இருவரில் ஒருவர் அவர். அவருடைய சரீரம் பருமனானது. விற்பனைக்கு ஏற்ற உருவமல்லவென்று கருதியே அவரை மறைத்தார்கள் என்று கூறப்படுகிறது. அதே காலத்தில் 'பிளாக் பாக்ஸ்' என்ற இத்தாலியக் கோஷ்டியின் பாட்டுக்களிலும் அவர் குரல் ஒலிக்க, படத்தில் வேறொரு மங்கை தோன்றினாள்.

வேறொரு மாதிரிப் பதிவுக்காகத் தாம் பாடிய பகுதிகளை வெட்டி ஒட்டி இப்பாட்டில் சேர்த்துவிட்டார்கள் என்பது மார்த்தா வாஷின் முறையீடு. பெயரும் பங்கும் கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. 1990 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் அமைப்பாளர்கள் மீதும் ஸோனி கம்பெனி மீதும் வழக்குத் தொடுத்தார். அதற்கு முந்திய மாதத்தில்தான், பிறர் பாடியதற்கு வாயசைத்த 'மில்லி வனில்லி' என்ற இருவரிடமிருந்து கிராமி பரிசு பறிக்கப்பட்டிருந்தது.

'பாடியதற்குப் பணம் கொடுத்தாயிற்று. பிறகு என்ன வழக்கு?' என்று சிலர் கேட்கலாம். வக்கீல் தொழில் செய்வோர் இதற்கு எளிதில் பதில் கூற முடியும். கட்சிக்காரர் பீஸ் கொடுக்கிறார். நமது வாதத்தின் பலன் அவரைச் சேருகிறது. அதற்காக வேறொருவரை முன்னே நிறுத்தி, 'வாதித்தவர் இவரே' என்று ஊராருக்குச் சொல்லும் உரிமையையும் அவர் வாங்கிவிட்டாரா? உழைப்பு விலைக்குக் கிடைக்கும். உண்மை விலைக்குக் கிடைக்கும் பொருளல்ல. மேலும், இசைத்தட்டை வாங்கியவனும் ஏமாற்றப்பட்டான் என்பதை மறக்கலாகாது.

'நமது சினிமாவில் ஒருவர் பாட மற்றொருவர் வாயசைப்பதில்லையா?' என்று கேட்பாரும் உண்டு. வாயசைப்பது குற்றமல்ல, பாடியவர் பெயரை மறைப்பதே குற்றம். நம் தேசத்திலும் ஆதியில் அது நடந்ததுண்டு. 1949-ம் வருஷத்து 'மஹல்' படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் இசைத்தட்டில், பாடியவர் 'காமினி' என்று கதாபாத்திரத்தின் பெயரையே பொறித்திருந்தார்கள். பிற்காலத்தில் பின்னணிப் பாடகர் பெயரைச் சொல்வது வழக்கமாயிற்று. வழக்கத்தைச் சட்டமும் பின்தொடர்ந்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 38-பி பிரிவு, தாம் நிகழ்த்தியதைத் தம்முடையதென அறிவிக்கக் கோரும் உரிமையைக் கலைஞருக்கு அளிக்கிறது.

மார்த்தா வாஷின் வழக்கு 1994-ல் சமரசமாக முடிந்தது. குரல் வாஷுடையது, தோற்றம் டேவிஸுடையது என்ற குறிப்பைப் படத்தில் சேர்க்கும்படி ஸோனி கம்பெனி எம்.டி.வி.யைக் கேட்டுக்கொண்டது. அவ்வருஷமே அதே கோஷ்டி வெளியிட்ட 'டூ யூ வானா கெட் பங்க்கி' என்ற பாட்டில் மார்த்தா வாஷ், ஸெல்மா டேவிஸ் இருவரும் தத்தம் பெயராலேயே இடம்பெற்றார்கள். டேவிஸும் பாடத் தெரியாதவர் அல்லர்; முதல் தொகுதியின் வேறு பாட்டுக்களைத் தம் சொந்தக் குரலில் பாடியவர். இருவரையும் உள்ளபடி உலகுக்குக் காட்டியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் வந்திருக்கும்?

டேவிட் கோல் 1995 ஜனவரியில் தமது 32-வது வயதிலேயே காலமானார். அவ்விருவரின் சங்கீதத் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. அத்திறமைக்குப் பொய்யின் துணை வேண்டியிருக்கவில்லை என்பதே நமது வருத்தம். பாட்டை ரஸிக்கும் நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. காதுக்கு இனிமை தந்தவர் யார் என்று கேட்டறிந்து, அவர் பெயரை வாயாரச் சொல்லுவோமாக.