காலியாகிப்போன கிளீனர் சீட்

எங்கள் ஊர்ப் பக்கம் எந்த லாரியின் கேபினில் ஏறிப் பார்த்தாலும், டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கும் சீட்டில் இப்போது ஆள் இருப்பதில்லை. ஒரு முதுகுப்பை, தண்ணீர்க் கேன், மடித்துவைத்த போர்வை, சார்ஜர் வயர், ஒரு சின்ன கேஸ் அடுப்பு. அவ்வளவுதான். நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் மீசை முளைக்காத ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். வீட்டில் அவனுக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் வண்டியில் அவன் ‘கிளீனரு’.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு பேச்சு தவறாமல் வரும். “இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலை மேல ஒட்டுதலே இல்லீங்க. சாவிய வீசிட்டுப் போயிடறானுங்க.” நானும் இதைக் கேட்டுக் கேட்டு நம்பியிருந்தேன். ஸ்டியரிங் பிடித்து ஒன்றிரண்டு வருடமே ஆன பையன்களோடு உட்கார்ந்து பேசிய பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. ஒட்டுதல் எங்கும் போகவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்த இடம்தான் போய்விட்டது. அந்த இடம் இடப்பக்கத்து சீட்.

என் பெரியப்பாவுக்கு 72 வயது. அறுபதுகளின் கடைசியில், பதினைந்து வயதில், கிளீனராக ஏறியவர். மழையை நம்பிய மேட்டுக்காட்டில் ஒன்றும் தேறாது என்று நகையையும் நிலத்தையும் வைத்து லாரி வாங்கிய குடும்பங்கள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், கேஸ் டேங்கர்களும், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளும் அப்படித்தான் பெருகின. வண்டி வாங்க முடியாத வீட்டுப் பையன்கள் கிளீனராகப் போனார்கள்.

கிளீனர் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கும். முதல் வேலை, ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டி வருவது. காற்று சரியாக இருந்தால் கம்பி துள்ளித் திரும்பும், ஓசை கணீரென்று கேட்கும். குறைந்திருந்தால் ‘பொத்’தென்று அமுங்கும். பின்பக்கம் ஜோடி டயர்களில் உள்பக்கத்து டயர் கண்ணுக்குத் தெரியாது. வெளி டயர் தாங்குவதால் வண்டி சாய்ந்தும் காட்டாது. உள் டயர் காற்றிழந்து ஓடினால் சூடேறி, நூறு கிலோமீட்டர் தாண்டி நடுக்காட்டில் வெடிக்கும். எனவே குனிந்து, கம்பியை உள்ளே விட்டு, அதைத் தனியாகத் தட்டிக் கேட்க வேண்டும். பெரியப்பா ஒரு வருடம் தட்டிய பிறகுதான் அவர் காதை டிரைவர் நம்பினாராம்.

பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர், பட்டைகளுக்குக் கிரீஸ், தார்ப்பாய்க்குக் கயிறு. ஏற்றத்தில் வண்டி திணறி நின்றால், கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும். ராத்திரி லோடு மேலேயே படுக்கை. மூன்று வருடம் ஸ்டியரிங்கைத் தொடவே விடவில்லை. ஆனால் மூன்று வருடமும் பக்கத்தில் உட்கார்ந்து, டிரைவரின் காலையும் கையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைய லேலண்ட் காமெட்டில் ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கு மாற கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். நடுவில் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டு வேகத்தை ஒத்துப்போகச் செய்ய வேண்டும். தவறினால் கியர்ப்பெட்டி அலறும். நாலாவது வருடம், விடிகாலையில், ஆளில்லாத ஒரு சமவெளி ரோட்டில், “இந்தா, புடி” என்று டிரைவர் எழுந்து இடம் மாறினாராம். அந்த நாளைச் சொல்லும்போது பெரியப்பாவின் குரல் இப்போதும் மாறும்.

இதையெல்லாம் கேட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரியப்பாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. நட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று பதினாறு வயதுப் பையன் மீது டிரைவர் வீசிய ஸ்பேனர் போட்ட தழும்பு அது. சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. சோறும், ஊர் திரும்பும்போது கையில் வைக்கும் கொஞ்சம் பணமும்தான். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயது அது. அந்த வயதுப் பையனை இன்று யாராவது வண்டியில் ஏற்றினால் நானே போய்த் தடுப்பேன்.

அன்றைய தொழிலில் இன்னொன்றும் இருந்தது: முதலாளி டிரைவர் மேல் வைத்த நம்பிக்கை. ஜவ்வரிசியோ தீப்பெட்டியோ ஏற்றி வடக்கே போனால் திரும்ப இருபது நாளுக்கு மேல் ஆகும். புரோக்கர் ஆபீசிலிருந்து ஒரு டிரங்க் கால், இல்லாவிட்டால் ஒரு தபால் கார்டு. வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குத் தெரியாது. டீசல், செக்போஸ்ட், பஞ்சர், சாப்பாடு எல்லாவற்றுக்கும் ரொக்கம் டிரைவரின் இடுப்புப் பையில். பெரியப்பாவின் பழைய ட்ரிப் நோட்டு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். டீ வாங்கிய கணக்குவரை பென்சிலில் எழுதியிருந்தார். யாரும் பார்க்காத இடத்தில் ஒருவர் எழுதிய நேர்மையான கணக்கு அது. ஒட்டுதல் என்று முதலாளிகள் இன்று ஏங்குவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்று நிலைமை வேறு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் இருந்த விற்பனைவரிச் செக்போஸ்ட்கள் போயின. வாளையாறு மாதிரி இடங்களில் மணிக்கணக்கில் வரிசையில் கிடந்த காலம் முடிந்தது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். டீசலுக்கு கார்டு, டேங்கில் சென்சார், கூரையில் ஜி.பி.எஸ். டிரைவர் கையில் ரொக்கம் குறைந்தது. அவரை நம்ப வேண்டிய தேவையும் குறைந்தது. வண்டி ஒரு மணி நேரம் நின்றால் போன் அடிக்கிறது: “ஏன் நிக்குது?”

எங்கள் வீதியில் ஒரு பையன் இருக்கிறான். 23 வயது, பி.காம். படித்தவன். ஒரு வருடம் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டு, பத்துச் சக்கர லாரி ஓட்ட வந்தவன். வீட்டில் அழுதார்கள், லாரி டிரைவருக்குப் பெண் கிடைக்காது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவன் என்னிடம் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “வண்டி எங்க நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியுதுங்கண்ணா. நான் தூங்கி எத்தன மணி நேரமாச்சுன்னு அதுல தெரியுமா?”

இந்தக் கேள்வியை வேலை செய்ய விருப்பமில்லாதவன் கேட்க மாட்டான். 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் சொன்னது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் இடத்துக்கு அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தவில்லை. எங்கள் பக்கம் ஒரு வண்டி, இரண்டு வண்டி முதலாளிகளே அதிகம். எனவே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஓட்ட மாட்டேன், தீபாவளிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு பையன் சொன்னால், அதை அவனாகத்தான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரியப்பா தலைமுறைக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. அவர் தூக்கத்தோடு போராடிய கதைகளில் பாதியை வீரமாகச் சொல்வார். எனக்குக் கேட்கும்போதே வயிற்றைக் கலக்கும்.

முதலாளிகள் குறை சொல்வதில் நான் அப்படியே ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஓட்டும்போது போனில் வீடியோ பார்க்கிறான் என்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. சரக்கோடு வண்டியைப் பங்க்கில் நிறுத்திவிட்டு, சொல்லாமல் பஸ் ஏறிப் போகிறவனுக்காகவும் நான் பேச மாட்டேன்.

ஆனால் அவனுக்கு யார் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 20 வயது நிறைந்து, இலகுரக லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தால் கனரக வண்டிக்கு விண்ணப்பிக்கலாம். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்காக 2021-இல் வந்த விதிகளின்படி கனரக வண்டிப் பயிற்சி 38 மணி நேரம், 6 வாரம். அதைக் குறைத்துப் பேசவில்லை. ஸ்பேனர் வீசாமல், வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் சொல்வது பெரிய மாற்றம். நாமக்கல்லிலேயே நல்ல பயிற்சிக் கூடம் இருக்கிறது. இருந்தாலும் பெரியப்பா வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கியதை 38 மணி நேரத்துக்குள் எப்படி ஊற்றுவது? லைசென்ஸ் வாங்கிய மறுமாதமே, வண்டியும் சரக்குமாக 28 டன்னோடு பையன் தனியாகப் புறப்படுகிறான். டீசல் விலை, டோல், மாதத் தவணை என்று செலவு ஏறியபோது முதலில் வெட்டப்பட்டது கிளீனரின் பேட்டா. அந்த சீட்டுக்கு மாற்றாக வேறொன்றை யாரும் வைக்கவில்லை.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. இறக்கம். அங்கே நடந்த விபத்துகளைத் தமிழ்நாட்டில் பத்திரிகை படிக்கும் எல்லோரும் அறிவார்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று ஒரு பழக்கம் வெகுகாலமாக உண்டு. மிச்சமாகும் டீசலுக்குக் காசு என்று முதலாளியே ஆசை காட்டும்போது அது இன்னும் ஊறிவிடும். கியரில் இல்லாத வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக் மீது விழும். மிதிக்க மிதிக்க டிரம் காய்ந்து, பிடிப்பு போய், காற்றழுத்தமும் இறங்கும். இத்தனைக்கும், இன்றைய எஞ்சின்களில் கியரில் இறங்கிக்கொண்டே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் தானாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க அது டீசல் குடிக்கும்.

எங்கள் வீதிப் பையனுக்கும் முதல் வாரத்திலேயே யாரோ அந்த நியூட்ரல் வித்தையைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போன ஐப்பசியில் பெங்களூரிலிருந்து லோடோடு வரும்போது, மழை தூறிக்கொண்டிருந்த ராத்திரி, கணவாய்க்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பெரியப்பாவுக்குப் போன் போட்டான். அவனுக்குப் பயம். முதலாளியிடம் பயம் என்று சொல்ல முடியாது.

“தாத்தா, எறக்கத்துல எப்படிப் போறதுங்க?”

பெரியப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லயே எறங்கோணும் கண்ணு. எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே கியரக் கொறச்சிரு. நடுவுல மாத்தாத. பின்னால எவன் ஆரன் அடிச்சாலும் அடிச்சுட்டுப் போறான்.” எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒன்று இருப்பது பெரியப்பாவுக்குத் தெரியாது, அதையும் போட்டுக்கொள்ளட்டுமா என்று பையன் கேட்க, அது என்ன செய்யும் என்று விசாரித்துவிட்டு, “அப்ப போட்டுக்க” என்றார். பிறகு அவர் படுக்கவில்லை. அவன் கீழே வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, “வந்துட்டனுங்க தாத்தா” என்று சொன்ன பிறகுதான் விளக்கை அணைத்தார்.

புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று அரசு அறிவித்தது. அந்தச் செய்தியை நான் படித்துக் காட்டியபோது பெரியப்பா சந்தோஷப்பட்டார். அவருடைய நாளில், பாடி கட்டாத புது சேசிஸை எடுத்து வரும்போது கேபின்கூடக் கிடையாது. வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வருவார்களாம். “பசங்க நல்லாத் தூங்கட்டும்” என்றார்.

கணவாய் இறங்கிய அந்த ராத்திரி விடிந்து, எட்டு மணிக்குப் பையன் வண்டியை வீதி முனையில் நிறுத்திவிட்டுக் குளிக்க வந்தான். குளித்துச் சாப்பிட்டு அவன் கிளம்பும்போது பெரியப்பா கைத்தடியோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். முன்சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். பின்பக்கம் வந்ததும் குனிய முடியவில்லை.

“உள்பக்கத்துக்கு இது எட்டாது. கம்பிய எடு கண்ணு.”

பையன் ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்து, மண்டியிட்டு, உள்ளே விட்டுத் தட்டினான். பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டார்.

“இன்னொருக்கா.”