போப்பின் மேசைக்குப் போன கோப்பு

யூத வெறுப்பை எதிர்த்துக் கூட்டம் போட்டவர்கள் உண்டு, வழக்குப் போட்டவர்களும் உண்டு. பிரெஞ்சு யூதரான ஜூல் இசாக் கைவைத்தது மறைக்கல்விப் பாடத்தில்.

பாடப்புத்தகம் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். பிரான்ஸில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்த ‘மாலே-இசாக்’ வரலாற்று நூல்வரிசையில் பாதிப் பெயர் அவருடையது. 1940இல், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு விஷி அரசு, யூதர் என்பதற்காகவே அவரைக் கல்வித்துறைப் பதவியிலிருந்து நீக்கியது. 1943இல் மனைவியையும் மகளையும் கெஸ்டபோ பிடித்துச் சென்றது; இருவரும் ஆஷ்விட்ஸிலிருந்து திரும்பவில்லை. வீட்டில் இல்லாததால் இசாக் தப்பினார். தலைமறைவாக இருந்துகொண்டே எழுதிய ‘இயேசுவும் இஸ்ரயேலும்’ 1948இல் வெளிவந்தது.

யூதர்கள் கடவுளைக் கொன்றவர்கள், அந்தப் பாவத்துக்காகவே நாடற்று அலைகிறார்கள் என்று கோயிலிலும் வகுப்பிலும் நூற்றாண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்களே, ஹிட்லருக்கு நிலத்தை உழுதுவைத்தது அதுதான் என்பது அவர் வாதம். அதற்கு ‘இகழ்ச்சிப் போதனை’ என்று பெயர் வைத்தார். 1947இல் சுவிட்சர்லாந்தின் ஸீலிஸ்பெர்க்கில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் கூடி வெளியிட்ட பத்து அம்சங்களுக்கு அவர் தயாரித்த பட்டியலே அடிப்படை.

1960 ஜூன் 13 அன்று, 82 வயதில், போப் 23ஆம் யோவானைச் சந்தித்தார். புனித வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்த இழிசொல்லை முந்தைய ஆண்டே நீக்கியிருந்தவர் இந்தப் போப். இசாக் வெறுங்கையோடு போகவில்லை. அவர் கொடுத்த கோப்பில் திருச்சபையின் சொந்த நூலான திரெந்து மறைக்கல்வியிலிருந்து ஒரு பகுதி இருந்தது: கிறிஸ்துவின் பாடுகளுக்குக் காரணம் பாவிகள் அனைவரும்தான். உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது, பிறகேன் ஒரு இனத்தின் தலையில் பழி? இதைவிடக் கெட்டிக்கார வாதம் இருக்க முடியாது.

இதை ஆராயும் பொறுப்பைப் போப் கர்தினால் பேயாவிடம் ஒப்படைத்தார். அமெரிக்க ரபி ஆபிரகாம் ஹெஷல் போன்றவர்களும் பேயாவைச் சந்தித்து வாதாடினார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், யூதர்களைப் பற்றிய அறிக்கையின் வரைவு பலமுறை அடிபட்டது. யூதர்களை மட்டும் குறிப்பிட்டால் அரசியலாகிவிடும் என்று அரபு நாட்டு ஆயர்கள் அஞ்சினார்கள். யூதருக்கென்று தொடங்கிய அறிக்கை விரிந்து, இஸ்லாம், இந்து, பௌத்த சமயங்களைப் பற்றியும் மரியாதையோடு பேசுவதற்கு அந்த இழுபறியும் ஒரு காரணம்.

1965 அக்டோபர் 28 அன்று அந்த அறிக்கை ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ என்ற பெயரில் 2,221க்கு 88 என்ற வாக்கில் நிறைவேறியது. இயேசுவின் மரணத்துக்கு அன்றைய யூதர் எல்லாரையுமோ இன்றைய யூதரையோ குற்றம் சொல்லக்கூடாது என்றது. ‘கடவுள் கொலை’ என்ற சொல்லையே எடுத்துக் கண்டிக்கும் வரி மட்டும் கடைசி வரைவில் காணாமல்போனது. யூதத் தலைவர்கள் பலருக்கு அதில் வருத்தம். இசாக் 1963லேயே காலமாகிவிட்டார். மறையுரையிலும் மறைக்கல்வியிலும் யூதர்களைப் பற்றி எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று வத்திக்கான் தனிக் குறிப்புகள் வெளியிட 1985 வரை ஆனது.