முடிவு தெரிந்தும் மூச்சடைக்க வைத்த கதை

முடிவு தெரிந்துவிட்டால் துப்பறியும் நாவலைக் கீழே வைத்துவிடுவது நம் வழக்கம். ஆனால் ஊருக்கே முடிவு தெரிந்த ஒரு கதையை, இரண்டு இரவுகள் தூக்கத்தைத் தொலைத்துப் பார்த்து முடித்தேன். விடுமுறைக்கு வந்த பேரன்தான் போட்டுக் காட்டினான்.

2025 ஜூலையில் சோனி லிவ் தளத்தில் வெளிவந்த 'தி ஹன்ட்' என்ற ஏழு பகுதித் தொடர் அது. ராஜீவ் காந்தி கொலையாளிகளைத் தேடிய வேட்டையே கதை. பத்திரிகையாளர் அனிருத்ய மித்ராவின் நூலைத் தழுவி நாகேஷ் குக்குனூர் இயக்கியிருக்கிறார்.

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர். குண்டுவெடிப்பில் புகைப்படக்காரர் ஹரிபாபுவும் இறந்துபோனார்; அவருடைய கேமரா மட்டும் சிதையாமல் கிடந்தது. அதிலிருந்த படங்களில் ஒன்றில், நிருபரைப் போல் குர்தா அணிந்து, கையில் குறிப்பேட்டுடன் ஒருவன் நிற்கிறான். அவன்தான் ஒற்றைக்கண் சிவராசன். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு புலனாய்வுக் குழு நடந்த நடைதான் தொடர் முழுவதும்.

குழுவின் தலைவர் கார்த்திகேயன் கோவை மாவட்டத்துக்காரர். வாளையாறு தாண்டினால் அவர் மண். அவராக அமித் சியால் அடக்கமாக நடித்திருக்கிறார். தலைமைப் புலனாய்வு அதிகாரி ரகோத்தமனாக நம் பகவதி பெருமாள் வருகிறார். பறந்து பறந்து அடிக்கும் சண்டை இல்லை. கடிதங்கள், முகவரிகள், விசாரணைகள், மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருப்பு, இவைதான் நம்மை நாற்காலி நுனிக்கு இழுக்கின்றன. பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டு, உள்ளே நுழையாமல் காத்திருக்கும் கட்டத்தில், "போங்களேன்!" என்று நானே கத்திவிட்டேன். ஆகஸ்ட் 20 காலையில் அதிரடிப் படையினர் உள்ளே போனபோது ஏழு பேரும் பிணமாகக் கிடந்தார்கள்.

பிரெடரிக் போர்சைத் 1971இல் எழுதிய 'தி டே ஆப் தி ஜாக்கல்' நாவலும் இப்படித்தான். பிரெஞ்சு அதிபர் தெகால் கொல்லப்படவில்லை என்பது உலகறிந்த செய்தி. இருந்தும் கொலைகாரன் எப்படி நெருங்குகிறான் என்ற பதைப்பு நம்மை விடாது. என்ன நடந்தது என்பதைவிட எப்படி நடந்தது என்பதில்தான் சுவை.

ஆனால் அந்தச் சுவையில் ஓர் ஆபத்தும் உண்டு. சிவராசன் இடம் மாறி மாறி ஓடும்போது பேரன் கேட்டான்: "தப்பிச்சிடுவானா தாத்தா?" அவன் குரலில் ஆசை இருந்தது. தொடரை நிறுத்திவிட்டு அவனிடம் பேசினேன். தலைவரோடு சேர்ந்து அங்கே மடிந்த காவலர்களையும் பொதுமக்களையும் பற்றிச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். அந்த மாதங்களில் எங்கள் தெருவில், நூற்பாலையில் வேலை செய்த ஒருவருக்கு ஒரு கண் பழுது, பேசுவதோ தமிழ். சந்தேகத்தில் அழைத்துப்போய் ஒரு பகல் முழுதும் உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். அதன்பின் அவர் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே வந்ததில்லை. பேருந்தில் தமிழில் பேசவே நாங்களும் குரலைத் தாழ்த்தினோம். இந்தப் பக்கத்தைத் தொடரில் தேடினால் கிடைக்காது.

தொடர் சொல்வது வேட்டையை மட்டுமே. வழக்கு அதன்பின் நெடுந்தூரம் நடந்தது. 1998இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. எஞ்சிய எழுவரும் 2022இல் வெளியே வந்தார்கள்.

அன்பர்கள் இத்தொடரை அவசியம் பாருங்கள். பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, அந்த நாட்களில் நாம் பட்டதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.