அரை இன்ஜினா, முழு இன்ஜினா?

ஓடுகிற வரை ஓடட்டும் – 11

முலுண்டில் பழைய எஸ்டீம் வைத்திருப்பவருக்கு இன்ஜின் கிடைப்பது ஒரு பிரச்னையே அல்ல. எல்.பி.எஸ். மார்க்கில் தெற்கே போனால் பாண்டுப், விக்ரோலி, காட்கோபர் தாண்டி குர்லா. அங்கே சி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய கடைகளில் கதவு தனி, கியர்பாக்ஸ் தனி, இன்ஜின் தனி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, மும்பைக்கு இது. இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதால்தான் தேவையில்லாதவரும் வாங்கிவிடுகிறார்.

போன வாரம் நீலப் புகையைப் பற்றிப் பார்த்தோம். புகையைக் கண்டதும் எல்லோருக்கும் அடுத்து வருகிற யோசனை, ‘பேசாமல் இன்ஜினையே மாற்றிவிட்டால் என்ன?’ என்பது. பர்ஸைத் திறக்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணுங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் கரன்ட்டையும் துண்டித்து, ஒவ்வொரு ஓட்டையிலும் மீட்டரை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். எஸ்டீமின் 1298 சிசி இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் முள் 200 பிஎஸ்ஐ பக்கம் நிற்கும். 170-க்குக் கீழே போனால் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். குறைவாகக் காட்டுகிற சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். முள் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கட்.

மும்பையில் பட்டறை வைத்திருக்கும் நம் திருநெல்வேலிக்காரர்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: “ரிங்குதானே அண்ணாச்சி போயிருக்கு, அதுக்கு எதுக்கு இன்ஜினைத் தூக்கிப் போடணும்?” பிளாக்கை லேத்துக்கு அனுப்பி போர் போட்டு, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் வண்டி இன்னும் பல வருஷம் ஓடும். வேலைக்கு நாள் பிடிக்கும் என்பதைத் தவிர இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முக்கியமாக, இன்ஜின் நம்பர் மாறாது. அதன் அருமை பிறகு தெரியும்.

இந்த நகரத்தின் டாக்ஸிகளே இப்படித்தான் ஓடின. 1964-ல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்து, 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய கார், அதே எல்.பி.எஸ். மார்க் வழியில் உள்ள குர்லாவில்தான் தயாரானது. 1089 சிசி இன்ஜின். பெரிய சக்தியெல்லாம் கிடையாது. பகல் ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட் என்று ஓடிய வண்டிகளில் அதே பிளாக்கைத் திரும்பத் திரும்ப போர் போட்டு ஓட்டினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் புகையைக் கட்டுப்படுத்தச் சொன்னபோது அதே இன்ஜினில் சிஎன்ஜி கிட்டை மாட்டினார்கள். மும்பையில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் சாலைக்கு வந்தது. 20 வருஷ வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் விடைபெற்றது. அதை நிறுத்தியது சட்டம்தான், இன்ஜின் அல்ல.

ஆனால் சில இன்ஜின்களைக் காப்பாற்ற முடியாது. தண்ணீர் வற்றி, சூடேறி, பிளாக்கில் விரிசல் விழுந்திருந்தால் போர் போட்டும் பயனில்லை. மழைநீரில் ஓட்டிக் கனெக்டிங் ராடு வளைந்து பிளாக்கை உடைத்திருந்தாலும் அப்படியே. அப்போதுதான் வேறு இன்ஜின்.

எது? இங்கேதான் ஆசை கெடுக்கும். ஒரு காலத்தில் தென்னாட்டுப் பட்டறைகளில் அம்பாஸடருக்குள் மெட்டடோர் டீசல் இன்ஜினை இறக்கி ஓட்டினார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நான் ரசிப்பவன்தான். இன்று அப்படிச் செய்தால் ஆர்டிஓவில் வண்டி பாஸாகாது. தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் அதே மேக், அதே டைப் என்று தேடுவதே புத்திசாலித்தனம்.

எஸ்டீம்காரருக்கு இதிலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. ஜி13 என்ற அந்த இன்ஜின் குடும்பம் ஜிப்ஸி கிங், வெர்ஸா, 2005-ல் வந்த முதல் தலைமுறை பெட்ரோல் ஸ்விஃப்ட் ஆகியவற்றிலும் உண்டு. எஸ்டீம் இன்ஜின் கிடைக்காவிட்டாலும் பிஸ்டன், பேரிங், கேஸ்கட்டுக்கு ஊர் ஊராக அலைய வேண்டாம். ஆனால் குடும்பம் ஒன்று என்பதற்காக ஸ்விஃப்ட் இன்ஜினை வயரிங்கோடு தூக்கிவந்துவிடாதீர்கள். அதன் ஈசிஎம் சாவியிலுள்ள இம்மொபிலைஸரை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கடையில் இரண்டு விதமாக விற்பார்கள். அரை இன்ஜின் என்றால் பிளாக், கிராங்க், பிஸ்டன் மட்டும். ஹெட், மேனிஃபோல்ட், சென்ஸர் எல்லாம் உங்கள் பழையதிலிருந்து மாற்ற வேண்டும். முழு இன்ஜின் என்றால் அப்படியே. உங்கள் ஹெட் நன்றாக இருந்தால் அரை இன்ஜின் லாபம். சூடேறிப் போன வண்டியென்றால் ஹெட்டும் வளைந்திருக்கும், லேத்தில் ஃபேஸிங் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தரையில் கிடக்கும் இன்ஜினை வாங்காதீர்கள். பேட்டரியும் பெட்ரோல் டப்பாவும் வைத்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து வாய்மேல் உள்ளங்கையை வையுங்கள். காற்று குப்குப்பென்று கையைத் தள்ளினால் ‘பேக் கம்ப்ரஷன்’, அதை விட்டுவிடுங்கள். மூடியின் உள்பக்கம் பாலாடை மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஸம்ப்பின் மூலைகளிலும் ஆல்டர்னேட்டர் இடுக்கிலும் வண்டல் மண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, ஊரில் பாதி கார்கள் மூழ்கிக் கிடந்த நகரம் இது. வெள்ளத்தில் நின்ற இன்ஜினுக்குப் பெயின்ட் அடிக்க ஒரு மணி நேரம் போதும்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் ஆயில் ஸீல், கிளட்ச் பிளேட் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இதற்காகவே மறுபடி இறக்கினால் கூலி இரட்டிப்பு.

கடைசியாகக் காகிதம். பில்லில் இன்ஜின் நம்பர் இருக்க வேண்டும். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆர்.சி. நகலும் வேண்டும். திருட்டு வண்டியின் இன்ஜின் உங்கள் பானட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் போலீஸ் கடைக்காரரைத் தேடாது, உங்களைத்தான் தேடும். நகல் தர முடியாது என்கிற கடையில் பேரம் பேசுவதே வீண். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். முலுண்ட்காரர்களுக்கு அது வடாலா, எம்.ஹெச். 03. செக்நாகா தாண்டித் தானேயில் இன்ஜின் வாங்கினாலும் பதிவு வடாலாவில்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் புது நம்பரைக் கொடுத்து பாலிஸியில் ஏற்றுங்கள். நம்பர் ஒத்துப்போகாத வண்டிக்கு க்ளெய்ம் கேட்டால் அவர்கள் கையை விரிப்பார்கள்.

செலவுக் கணக்கில் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 20 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. உங்கள் ஆர்.சி. இன்னும் சில மாதங்களில் முடிகிறது என்றால், முதலில் பாடியின் அடித்தட்டில் துரு எவ்வளவு என்று பாருங்கள். தளம் பொத்தலாகிப் போன காருக்கு குர்லாவின் மிக நல்ல இன்ஜினை வாங்கிப் போட்டாலும் ஃபிட்னஸில் நிற்காது. அந்தத் துருவை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)